கையை எடுத்ததும் மீன்பாடி வண்டி ஏன் நிற்கிறது?

தம்பி, உன் கேள்விகளை முதலில் இங்கே எடுத்து எழுதிவிடுகிறேன். படிக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு சேர்ந்து, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் ஐஸ் ஏற்றிய மீன்பாடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறாய். இயங்கும் பொருள் தொடர்ந்து இயங்க விசை தேவையில்லை என்று நியூட்டனின் முதல் விதி சொல்கிறது, ஆனால் நான் கையை எடுத்த கொஞ்ச நேரத்தில் வண்டி நின்றுவிடுகிறதே என்பது உன் முதல் கேள்வி. நான் வண்டியைத் தள்ளும் அதே அளவு விசையால் வண்டியும் என்னைத் திருப்பித் தள்ளுகிறது என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று கழிந்து போகாதா, பிறகு வண்டி எப்படி நகர்கிறது என்பது இரண்டாவது. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன்மேல் விசையோ முடுக்கமோ உண்டா என்பது மூன்றாவது.

தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் நடத்தியிருக்கிறேன். மூன்று விதிகளையும் ஒரு சொல் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளிடமும் இதே மூன்று ஐயங்கள் அப்படியே தங்கியிருந்ததைக் கண்டிருக்கிறேன். விதி மனத்தில் பதிந்திருக்கும். விதியைப் பயன்படுத்துவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி பதிந்திருக்காது. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம், அந்தப் பொருளின்மேல் வேறு எவையெல்லாம், எந்தத் திசையில், எவ்வளவு விசை செலுத்துகின்றன என்பதே அந்தக் கேள்வி. அதைக் கையில் வைத்துக்கொண்டு உன் வண்டிக்கு வருவோம்.

அதற்கு முன், 'விசை' என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். காசிமேட்டில் எஞ்சின் பொருத்திய பெரிய படகை விசைப்படகு என்கிறோம். மின்சாரத்தில் ஓடும் தறியை விசைத்தறி என்கிறோம். ஒருவன் வேகமாக ஓடினால் விசையாக ஓடினான் என்கிறோம். ஆக, நம் பேச்சில் விசை என்பது ஓட்டிக்கொண்டிருக்கும் சக்தி, சில சமயம் வேகமே அதுதான். ஓட்டம் இருக்கும் இடத்தில் விசை இருக்கும், விசை தீர்ந்தால் ஓட்டம் நின்றுவிடும் என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. இயற்பியலில் விசை என்பது ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தள்ளுவது அல்லது இழுப்பது, அவ்வளவுதான். அதன் விளைவு திசைவேகம் மாறுவது. திசைவேகம் என்பதில் எவ்வளவு வேகம் என்பதும் எந்தத் திசை என்பதும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டில் எது மாறினாலும் அங்கே முடுக்கம் இருக்கிறது, முடுக்கம் இருந்தால் சமன் செய்யப்படாத விசை ஒன்று இருக்கிறது என்று பொருள்.

உன்னைப் போலவே நினைத்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். தள்ளுவோர் இல்லாமல் தரையில் எதுவும் ஓடாது என்றுதான் அரிஸ்டாட்டில் சொன்னார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அறிஞர்களில் பெரும்பாலோர் அந்தக் கருத்தை ஏதோ ஒரு வடிவில் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கண்ணால் காண்பதும் அப்படித்தானே இருக்கிறது!

இப்போது வண்டி. கணக்குக்காக வண்டியும் ஐஸும் சேர்ந்து 200 கிலோகிராம் என்று கொள்வோம். சமதளத்தில் அது உருளும்போது அச்சிலும் டயரிலும் தரையிலுமாகச் சேர்ந்து 40 நியூட்டன் (நியூட்டன் என்பது விசையை அளக்கும் அலகு) அளவு உராய்வுத் தடை பின்னோக்கி இருப்பதாகவும் வைத்துக்கொள். நீ 60 நியூட்டன் விசையால் தள்ளுகிறாய். வண்டியின்மேல் முன்னோக்கி 60, பின்னோக்கி 40. மீதி 20 நியூட்டன்தான் நிகர விசை. நிகர விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும்; 20ஐ 200ஆல் வகுத்தால் 0.1, அதாவது ஒவ்வொரு விநாடியும் வண்டியின் வேகம் விநாடிக்கு 0.1 மீட்டர் கூடுகிறது. 10 விநாடியில் அது விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தை எட்டிவிடும், ஏறக்குறைய மெதுவாக நடக்கும் வேகம். அதற்கு மேல் உனக்கு வேகம் வேண்டாம் என்றால் என்ன செய்கிறாய்? உன்னை அறியாமலேயே தள்ளுவதை 40 நியூட்டனாகக் குறைக்கிறாய். இப்போது முன்னும் பின்னும் சமம், நிகர விசை பூஜ்யம், ஆனால் வண்டி நிற்கவில்லை; அதே வேகத்தில், அதே நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கிறது. வண்டியைக் கிளப்பும்போது முழு உடம்பும் சாய்ந்து தள்ள வேண்டியிருந்ததும், கிளம்பிய பிறகு கை சும்மா வைத்த மாதிரி இருந்தாலே போதும் என்று தோன்றியதும் உனக்கு நினைவிருக்கும். முதல் விதி உன் கைக்கு ஏற்கெனவே தெரியும்.

இனி கையை எடு. முன்னோக்கிய விசை போய்விட்டது. பின்னோக்கிய 40 நியூட்டன் அப்படியே இருக்கிறது. அதை 200ஆல் வகுத்தால் 0.2. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போன வண்டி, விநாடிதோறும் 0.2 மீட்டர் வேகத்தை இழந்து, 5 விநாடியில், இரண்டரை மீட்டர் தள்ளிப் போய் நிற்கும். ஆகவே வண்டி நின்றதற்குக் காரணம் உன் விசை இல்லாமல் போனது அன்று. உராய்வு என்ற இன்னொரு விசை இருந்தது. 'விசை இல்லாததால் நின்றது' என்று எழுதுகிறவன், 'உராய்வின் விசையால் நின்றது' என்று எழுதப் பழகிக்கொண்டால் முதல் விதியில் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

உராய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டதுதான் கலிலியோவின் பெருமை. ஒரு சரிவில் உருட்டிவிட்ட குண்டு எதிரே உள்ள சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சரிவைத் தாழ்த்தத் தாழ்த்த, அதே உயரத்தை எட்ட அது அதிகத் தூரம் ஓட வேண்டியிருக்கிறது. அப்படியானால் எதிர்ப்பக்கம் முழுச் சமதளமாகிவிட்டால் அது எங்கே நிற்கும்? உராய்வு இல்லையென்றால் எங்கேயும் நிற்காது. இயக்கத்தைப் பற்றிய அவருடைய கடைசிப் பெரிய நூல் 1638இல் வெளிவந்தது. அந்த வழியில் வந்த எண்ணத்தைத்தான் நியூட்டன் 1687இல் முதல் விதியாக வைத்தார்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டக் குண்டும் சரிவும் தேட வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு கேரம் போர்டு இருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்தவர் என்பதை நான் பெருமையோடு சொல்வதுண்டு. பவுடர் போடாத போர்டில் ஸ்ட்ரைக்கரை மெல்லத் தட்டிப் பார். பாதிப் போர்டைத் தாண்டாது. பவுடரைத் தூவிப் பரப்பிவிட்டு அதே அளவு தட்டு; எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வரும். உன் விரல் தந்த விசை இரண்டு தடவையும் ஒன்றேதான், அதுவும் விரல் விலகிய கணத்தோடு முடிந்துவிட்டது. பவுடர் எதையும் தள்ளவில்லை. உராய்வைக் குறைத்தது, அவ்வளவே. ஓட்டம் தானாக நீண்டது.

நிலைமம் என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் பிடிமானமின்றி நிற்கிறாய் என்று வைத்துக்கொள். வண்டி கிளம்பும்போது பின்னால் சாய்கிறாய். பிரேக் பிடித்தால் முன்னால் விழுகிறாய். பேசின் பாலத்தைத் தாண்டி வண்டி வளையும்போது வளைவின் வெளிப்பக்கம் சரிகிறாய். ஒரே சீரான வேகத்தில் நேராக ஓடும்போது மட்டும் ஒன்றும் நடப்பதில்லை. உன்னைப் பின்னாலும் முன்னாலும் வெளியேயும் யாரும் தள்ளவில்லை. உன் கால் வண்டியோடு போய்விட்டது, உன் மேலுடம்பு தன் பழைய திசைவேகத்திலேயே இருந்துவிட்டது. தேர்வில் 'நிலைம விசை தள்ளியது' என்று எழுதும் பழக்கத்தை, தம்பி, இப்போதே விட்டுவிடு. நிலைமம் என்பது திசைவேகம் மாறுவதை எதிர்க்கும் பொருளின் தன்மை. அதன் அளவுதான் நிறை. எண்ணூர் விரைவுச் சாலையில் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டரில், இரண்டு வண்டிகள் வருகின்றன என்று கொள்: ஒன்று ஆட்களோடு சேர்த்து 250 கிலோகிராம் உள்ள பைக், மற்றது சரக்கோடு 40 டன் உள்ள கன்டெய்னர் லாரி. இரண்டும் 5 விநாடியில் நிற்க வேண்டுமென்றால் பைக்குக்கு 500 நியூட்டன் போதும். லாரிக்கு 80,000 நியூட்டன் வேண்டும். கன்டெய்னர் லாரிக்கு முன்னால் பைக்கைச் சட்டென்று குறுக்கே திருப்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். லாரி ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த 80,000 நியூட்டனை அவரால் அந்தக் கணத்தில் வரவழைக்க முடியாது.

நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறை பொருளோடு எங்கும் போகும். எடை என்பது புவி அந்தப் பொருளை இழுக்கும் விசை. 6 கிலோ வஞ்சிரத்தை நிலவுக்கு எடுத்துப் போனால், படிக்கல் வைத்து நிறுக்கும் தட்டுத் தராசு அங்கேயும் 6 கிலோ என்றே காட்டும், ஏனென்றால் மீனும் படிக்கல்லும் ஒரே விகிதத்தில் எடை குறைந்திருக்கும். நிலவின் இழுப்பு புவியின் இழுப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் என்பதால் வில் தராசு ஏறக்குறைய 1 கிலோ என்று காட்டும்.

உன் இரண்டாவது கேள்விதான் மூன்றிலும் அருமையானது. அதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். நீ வண்டியை 60 நியூட்டனால் தள்ளும்போது வண்டியும் உன் உள்ளங்கையை 60 நியூட்டனால் பின்னோக்கித் தள்ளுகிறது. செயல் ஒவ்வொன்றுக்கும் சமமான எதிர்ச்செயல் உண்டு என்ற மூன்றாம் விதி இதுதான், இதில் ஐயமே இல்லை. ஆனால் வண்டி நகருமா என்று தெரிய வேண்டுமானால் வண்டியின்மேல் உள்ள விசைகளை மட்டுமே கூட்ட வேண்டும். வண்டி உன்மேல் செலுத்தும் விசை உன் கணக்கில் சேர வேண்டியது. வண்டியின் கணக்கில் அதற்கு இடமில்லை. நீ அப்பாவுக்குக் கொடுத்த 60 ரூபாயையும் பக்கத்து வீட்டுக்காரர் தம் கடனுக்குக் கொடுத்த 60 ரூபாயையும் ஒரே நோட்டில் கழித்துக் காட்டுவது எப்படித் தவறோ, அப்படித்தான் இதுவும். செயலும் எதிர்ச்செயலும் எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்களின்மேல் இருப்பதால் அவை ஒன்றையொன்று கழிக்கவே முடியாது.

அப்படியானால் உன் கணக்கு என்ன? வண்டி உன்னை 60 நியூட்டனால் பின்னுக்குத் தள்ளியும் நீ வண்டியோடு சேர்ந்து முன்னால் போகிறாயே! உன் நிறை 60 கிலோகிராம் என்று வைத்தால், வண்டிக்கு இருக்கும் அதே 0.1 முடுக்கம் உனக்கும் இருக்க வேண்டும். அதற்கு உன்மேல் நிகரமாக 6 நியூட்டன் முன்னோக்கி வேண்டும். பின்னோக்கிய 60ஐயும் ஈடுகட்டி 6 மீதம் இருக்க வேண்டுமானால், யாரோ உன்னை 66 நியூட்டனால் முன்னோக்கித் தள்ள வேண்டும். அது தரைதான். நீ பாதத்தை ஊன்றித் தரையைப் பின்னோக்கி 66 நியூட்டனால் தள்ளுகிறாய், தரை உன்னை முன்னோக்கி 66 நியூட்டனால் தள்ளுகிறது. வண்டியைத் தள்ளுவது உன் கை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உன்னைத் தள்ளும் தரையை யாரும் நினைப்பதில்லை.

தரையின் பங்கு எப்போது தெரியும் என்றால், அது இல்லாமல் போகும்போது தெரியும். ஏலம் நடக்கும் இடத்தில் ஐஸ் தண்ணீரும் மீன் கொழுப்பும் செதிலும் சேர்ந்து தரை வழுக்கிக் கிடக்கும் அல்லவா? அங்கே வண்டியைத் தள்ளப் போனால் வண்டி இருந்த இடத்திலேயே இருக்கும், உன் கால் பின்னால் சறுக்கிக்கொண்டு போகும். உன் எடை 60 பெருக்கல் 9.8, அதாவது 588 நியூட்டன். அந்தத் தரையில் உராய்வுக் கெழு, அதாவது எடையில் எத்தனை பங்கு வரை உராய்வாகக் கிடைக்கும் என்று சொல்லும் எண், 0.1 தான் என்று கொண்டால், தரை உன் பாதத்துக்குத் தரக்கூடிய விசை அதிகபட்சம் 59 நியூட்டன்கூட இல்லை. உனக்குத் தேவை 66. கால் வழுக்காமல் வேறு என்ன செய்யும்? முதல் கேள்வியில் எதிரியாக வந்த உராய்வு இங்கே துணையாக நிற்கிறது. அது இல்லாவிட்டால் நடக்கவும் முடியாது.

மூன்றாம் விதியில் பிள்ளைகள் நம்ப மறுக்கும் இன்னொன்று, பெரிய பொருளும் சின்னப் பொருளும் மோதினாலும் விசை இரண்டின்மேலும் சமம் என்பது. மறுபடியும் கேரம் போர்டுக்கே வா. போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. காய் 5 கிராமிலிருந்து 5.5 கிராம் வரை. 15 கிராம் ஸ்ட்ரைக்கர் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போய், நிற்கும் 5 கிராம் காயை நேருக்கு நேராக அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் எதுவும் வீணாகாத முழு மீட்சி மோதலாக இருந்தால், காய் விநாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் பறக்கும், ஸ்ட்ரைக்கர் 1.5 மீட்டர் வேகத்தில் அதன் பின்னாலேயே போகும். அடித்த ஸ்ட்ரைக்கரைவிட அடிபட்ட காய் வேகமாக ஓடுவதை நீ எத்தனையோ முறை பார்த்திருப்பாய். இப்போது உந்தத்தைக் கணக்கிடு. உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. ஸ்ட்ரைக்கர் இழந்த வேகம் 1.5, அதை 15ஆல் பெருக்கினால் 22.5. காய் பெற்ற வேகம் 4.5, அதை 5ஆல் பெருக்கினால் அதுவும் 22.5. தொட்டுக்கொண்டிருந்த நேரம் இரண்டுக்கும் ஒன்றே. உந்த மாற்றமும் ஒன்றே. விசை என்பது உந்தம் மாறும் வீதம் என்பதே இரண்டாம் விதி. ஆகவே விசையும் ஒன்றே. விளைவு மட்டும் வேறு, ஏனென்றால் நிறை வேறு. உண்மையான போர்டில் டக்கென்று ஒலி எழும்பும்போதே கொஞ்சம் ஆற்றல் போய்விடுவதால் வேகங்கள் இந்தக் கணக்கைவிடச் சற்று மாறும். உந்தம் சமமாகக் கைமாறுவது மட்டும் மாறாது.

ஆசிரியர்களே தவறும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நிற்கும் வண்டியைப் புவி 1,960 நியூட்டனால் கீழே இழுக்கிறது, தரை அதை 1,960 நியூட்டனால் மேலே தாங்குகிறது. இந்த இரண்டையும் செயல், எதிர்ச்செயல் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டும் வண்டி என்ற ஒரே பொருளின்மேல் இருக்கின்றன. ஆகவே இவை அந்த இணை ஆக முடியாது. வண்டிக்கு மேலும் கீழும் முடுக்கம் இல்லாததால் முதல் விதிப்படி இவை சமமாக இருக்கின்றன. எடையின் உண்மையான எதிர்ச்செயல், வண்டி புவியை மேல்நோக்கி 1,960 நியூட்டனால் இழுப்பது. புவியின் நிறைக்கு அந்த விசையால் ஒன்றும் தெரிவதில்லை.

கடைசியாகப் பந்து. உன் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் எண்ணத்தை முதலில் வெளியே எடுக்க வேண்டும். கை கொடுத்த விசை பந்துக்குள் இருக்கிறது, மேலே போகப் போக அது தேய்கிறது, உச்சியில் தீர்ந்துபோகிறது, பிறகு எடை வென்று கீழே இழுக்கிறது என்று நினைக்கிறாய் அல்லவா? இதற்காக வெட்கப்பட வேண்டாம். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த பியூரிடான் என்ற பெரிய அறிஞரும் எறிந்த பொருளுக்குள் எறிந்தவர் ஏதோ ஒன்றைப் பதித்து அனுப்புகிறார் என்றே விளக்கினார். பந்துக்குள் கை விட்டுச் சென்றது உந்தம். விசையை யாரும் எதற்குள்ளும் வைத்து அனுப்ப முடியாது. அது இரண்டு பொருள்களுக்கு இடையில் நடப்பது, கை விலகியதும் கையின் விசை முடிந்தது. காற்றின் தடையை விட்டுவிட்டால், அதன் பிறகு பந்தின்மேல் இருக்கும் ஒரே விசை அதன் எடை. ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் அது அதே அளவு, அதே கீழ்நோக்கிய திசை. ஆகவே முடுக்கமும் எப்போதும் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர், கீழ்நோக்கி.

திருவொற்றியூர் கடற்கரையில் நின்று பந்தை விநாடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறிகிறாய் என்று வைத்துக்கொள். சரியாக 1 விநாடியில் அது 4.9 மீட்டர் உயரத்தில் உச்சியைத் தொடும். அந்தக் கணத்தின் இருபுறமும் பார்: 0.9 விநாடியில் அதன் திசைவேகம் மேல்நோக்கி 0.98, 1.1 விநாடியில் கீழ்நோக்கி 0.98. இந்த 0.2 விநாடிக்குள் திசைவேகம் 1.96 அளவு மாறியிருக்கிறது, 1.96ஐ 0.2ஆல் வகுத்தால் மறுபடியும் 9.8. நடுவில் பூஜ்யத்தை அது கடந்து போனதே தவிர, அங்கே தங்கவில்லை. உச்சியில் முடுக்கமும் பூஜ்யமாகியிருந்தால் அந்தப் பூஜ்யத் திசைவேகம் மாற வழியே இருந்திருக்காது. நீ கையை ஏந்திக்கொண்டு மணலில் நிற்க, பந்து 4.9 மீட்டர் உயரத்திலேயே நின்றிருக்கும்.